கெட்டிமேளம் கொட்டியபோது நான் ஸ்டோர் ரூமில் இருந்தேன்

புதிதாக ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்தவர்களை ஒரு மாதத்துக்காவது கல்யாண வீட்டுப் பக்கம் விடக் கூடாது. ஊசி போடக் கற்றவள் எவர் கை கிடைக்கும் என்று பார்ப்பாள். கார் ஓட்டக் கற்றவன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நானே கொண்டுவந்து சேர்க்கிறேன் என்பான். நான் கற்றது நெட்வொர்க். எனக்குக் கிடைத்தது என் சொந்த அக்காவின் கல்யாணம்.

அப்போது நான் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் நெட்வொர்க் டெக்னிஷியனாகச் சேர்ந்த புதிது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளுக்கும் நான்தான் டாக்டர். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் "வாணியைக் கூப்பிடு", ரைஸ் குக்கர் விளக்கு எரியாவிட்டாலும் "வாணியைக் கூப்பிடு". ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்த இலுப்பைப்பூவுக்குத் தான் சர்க்கரை இல்லை என்று தெரியாமல் போனதுதான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

கல்யாணத்துக்கு முந்தின மாதம் அலுவலகத்தில் என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே சொல்லிக் கொடுத்த ஒரு விஷயத்தில் நான் மயங்கி விழாத குறை. அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்த கூத்து புரியாது.

ஒரு கட்டடத்தில் உள்ள நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் ஒரு பெட்டியில் வந்து சேரும். அதன் பெயர் சுவிட்ச் (விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை, என் அம்மா இன்று வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்). கேபிள் செருகும் துளைகளுக்கு போர்ட் என்று பெயர். இந்தப் பெட்டி நல்ல குணமுள்ளது. யாருக்கு வந்த செய்தியோ அவருடைய போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும், பக்கத்து போர்ட்டுக்கு மூச்சு விடாது. குணம் நல்லதுதான். ஆனால் லைன் மெதுவாகிப் போனால் யார் எல்லாவற்றையும் இழுத்துக் குடிக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. அந்த நேரத்தில் பெட்டியிடம் ஒரு கட்டளை கொடுக்கலாம்: இந்த போர்ட்டில் போவது வருவது அத்தனைக்கும் ஒரு நகல் எடுத்து, அதோ அந்த போர்ட்டுக்கு அனுப்பு. அங்கே ஒரு லேப்டாப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். போகிற வருகிற எல்லாம் நம் கண் முன்னால் ஓடும்.

எங்கள் செந்தூல் அத்தை போன் பேசும் முறையும் இதுதான். எதிர்முனையில் பேசுகிறவர் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் பக்கத்தில் இருப்பவருக்கு ஒப்பித்துக்கொண்டே வருவார். "மட்டன் வாங்குனாளாம்... எலும்பா குடுத்துட்டானாம்... இவ சண்ட போட்டாளாம்..." பக்கத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் கேட்கலாம். ஆனால் அவர் ஏதாவது பதில் சொன்னால் அது எதிர்முனைக்குப் போகாது. நகல் வாங்கும் போர்ட்டுக்கும் அதே விதிதான். அதற்குக் காது மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. ஒரு போர்ட்டை அந்த வேலைக்கு வைத்துவிட்டால் வேறு எந்த வேலைக்கும் அது உதவாது.

இந்தக் கடைசி விதியைப் பயிற்சியில் சொன்னார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் கண் முழுக்கத் திரையில் இருந்தது. அந்த அறையில் பத்துப் பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறோம், யாரும் எதையும் தொடவில்லை, திரையிலோ வரிகள் மழை மாதிரி கொட்டுகின்றன. சட்டைப் பையில் தூங்கும் கைப்பேசி யாரையோ நலம் விசாரிக்கிறது. சுவரில் இருக்கும் கேமரா யாருக்கோ பதில் சொல்கிறது. பிரிண்டர் "நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் கூவுகிறது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க முடியாது, அதெல்லாம் பூட்டித்தான் போகும். யார் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இத்தனை பேச்சுக்கு நடுவில் இத்தனை நாள் ஒன்றும் கேட்காமல் வாழ்ந்திருக்கிறேனே என்று உடம்பு சிலிர்த்தது. அன்று மாலை எல்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும்போது, பெட்டியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஓர் அக்கா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இனிக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை பிரகாஷ் அத்தானின் அப்பா சிவலிங்கம் அங்கிள். போர்ட் கிள்ளானில் காலமெல்லாம் கன்டெய்னர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மழை, மலைப்பாதை, பிரேக் பிடிக்காத லோரி எதுவும் அவரை ஒன்றும் செய்ததில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் தன் வீட்டு வாசலில் தானே ஏணி போட்டு மாவிலைத் தோரணம் கட்டப் போனார். ஏணி ஒரு பக்கம், அங்கிள் ஒரு பக்கம். இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமா என்று கேட்க இரண்டு குடும்பமும் கிள்ளான் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

"தள்ளி வெச்சீங்கன்னா நான் மாத்திரையே சாப்பிட மாட்டேன்," என்றார் அங்கிள். "மேடையில என் எடத்துல என் தம்பி ஒக்காரட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவன் தாலி கட்டுறத நான் பாக்கணும். அவங்கம்மா இருந்திருந்தா அவ பாத்துருப்பா. இப்ப அவளுக்கும் சேத்து நான் ஒருத்தன்தான் பாக்கணும்."

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அந்த அடியை இன்று நினைத்தாலும் என் காலை நானே வெட்டிப் போடலாம் போல இருக்கும்.

"அங்கிள், லைவ் போட்டுருவோம். நீங்க இங்கேருந்து டேப்லெட்ல பாக்கலாம். லைன் விஷயத்த எங்கிட்ட விடுங்க. ஒரு செகண்ட் கூட நிக்காது."

"நெசமாவாம்மா?"

"நான் இதுக்குத்தான் அங்கிள் படிச்சிருக்கேன்," என்றேன் அடக்கமாக.

கல்யாண நாள் காலை. கிள்ளானில் ஒரு மண்டபம். அத்தானின் நண்பன் தினேஷ் கேமராவையும் லேப்டாப்பையும் வைத்து நேரலையை ஆரம்பித்தான். கேபிளைப் பின்பக்கம் ஸ்டோர் ரூமில் இருந்த சுவிட்சில் கொண்டுபோய் மாட்டியிருந்தான். மாப்பிள்ளை அழைப்பு முடியும்போது என் கைப்பேசி அடித்தது. அங்கிள்.

"வாணிம்மா, படம் துண்டு துண்டா வருது. உங்கப்பா வாயத் தெறக்கிறாரு, மூடவே மாட்டேங்கிறாரு."

"வர்றேன் அங்கிள். இதோ பாக்குறேன்."

"இங்க வார்டே பாத்துக்கிட்டு இருக்கும்மா. பக்கத்துக் கட்டில் மலாய்க்கார பாக்சிக் தலகாணிய தூக்கி வெச்சு ரெடியா ஒக்காந்துருக்காரு. எதிர்க்கட்டில் சீன அங்கிளும் கண்ணாடி போட்டுக்கிட்டாரு. மானத்த வாங்கிடாதம்மா."

நான் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அக்காவின் கல்யாணத்துக்கு லேப்டாப்போடு வந்த ஒரே தங்கச்சி என்ற பெருமையோடு ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்தேன்.

பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கு, சோடா பெட்டிகள், பக்கத்துச் சமையலறையிலிருந்து சாம்பார் வாசனை. ஒரு பலகைத் தட்டின் அடியில் சுவிட்சைத் திருகி மாட்டியிருந்தார்கள். அதுவும் தலைகீழாக. ஆனால் பெட்டி என்ன பெட்டி தெரியுமா? கட்டளை கேட்கக்கூடிய, நகல் எடுக்கத் தெரிந்த உயர்ந்த ரகம். சாதாரணக் கல்யாண மண்டபத்தில் இதை எதிர்பார்க்கவே முடியாது. நான் ஒரு சோடா பெட்டியில் உட்கார்ந்து, மல்லிகைப்பூ கேபிளில் சிக்காமல் தலையைச் சாய்த்து, அச்சடித்த எண்ணைப் பார்த்து ஒரு காலி போர்ட்டில் லேப்டாப்பை மாட்டினேன். இன்டர்நெட்டுக்குப் போகும் போர்ட்டில் நடப்பதையெல்லாம் நகல் எடுத்து எனக்கு அனுப்பு என்று கட்டளை கொடுத்தேன்.

திரை நிறைந்தது.

பயிற்சி அறையில் பார்த்தது தூறல். இது வெள்ளம். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் என் மடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கருவியும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு போயிற்று. செந்தூல் அத்தையின் கைப்பேசி, பெரியப்பாவின் கைப்பேசி, யாரோ ஒரு குழந்தையின் விளையாட்டுப் பெட்டி. மனிதர்கள் கூடினால் கலகலப்பு என்பது காதுக்குத் தெரியும். அதே கலகலப்பு காதுக்கு எட்டாமல் இன்னொரு வழியாகவும் ஓடுகிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். சும்மா பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. அங்கிள் மறுபடி கூப்பிட்டபோதுதான் நினைவு வந்தது.

குற்றவாளியைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. மற்றவர்கள் எல்லாம் சொட்டு சொட்டாக அனுப்ப, ஒரே ஒரு கருவி குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. பெயர்: அப்பா ஹேண்ட்போன். அந்தப் பெயரை வைத்துக் கொடுத்ததே நான்தான்.

எங்கள் அப்பா தினமும் காலையில் வரும் பூ, சூரியன், பிள்ளையார் போட்ட வணக்கப் படங்களில் ஒன்றைக்கூட அழிக்க மாட்டார் (அனுப்பினவங்க மனசு கஷ்டப்படும் என்பார்). அதோடு முதல் நாள் மருதாணி இரவு முழுக்க வீடியோ வேறு எடுத்திருந்தார். மண்டபத்து வைஃபையைக் கண்டதும் அந்த ஹேண்ட்போன் தன் வாழ்நாள் சேமிப்பை எல்லாம் மேலே ஏற்றத் தொடங்கிவிட்டது.

அப்பாவோ மேடையில் இருந்தார். இரண்டு கையிலும் தேங்காய்த் தட்டு, எதிரே ஐயர், மந்திரம். நான் பின்பக்கமாக ஏறி அவர் காதருகே குனிந்தேன்.

"அப்பா, போன் எங்க?"

"பாக்கெட்ல. ஏன்?"

"வேணும்."

"இப்பவா? கன்னிகாதானம்மா."

விளக்க நேரமில்லை. சபை பார்க்க, ஐயர் பார்க்க, அப்பாவின் ஜிப்பா பாக்கெட்டில் கையை விட்டுப் போனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் கணத்தைப் போட்டோக்காரர் விடவில்லை. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. பெரியவளைத் தானம் கொடுக்கும்போது சின்னவள் தன் பங்கை எடுத்துக்கொண்டாள் என்று பெரியப்பா இன்றைக்கும் விருந்தினர்களுக்கு விளக்கம் சொல்வார்.

போனை அணைத்ததும் அங்கிள் கூப்பிட்டார்.

"இப்ப பளிச்சுனு இருக்கும்மா. உங்கப்பா நெத்தி விபூதி கூட தெரியுது. நீ அவரு பாக்கெட்ல கைய வுட்டதையும் பாத்தோம். பாக்சிக் கேக்குறாரு, இது உங்க அடாட்டான்னு." (அடாட் என்றால் மலாயில் சடங்கு சம்பிரதாயம்.)

"நீங்க என்ன சொன்னீங்க அங்கிள்?"

"பொண்ணு வீட்டு அடாட்டுனு சொல்லிட்டேன்."

அம்மா மேடை ஓரமாக வந்து என் கையைப் பிடித்தார். "தாலித் தட்டு சபைக்குப் போவுது. தட்டு திரும்பி வர்றதுக்குள்ள நீ இங்க நிக்கணும். அக்கா ஜடைய தூக்கிப் பிடிக்கணும், ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு நிமிஷம்மா. லேப்டாப்ப எடுத்துட்டு வந்துர்றேன்."

உண்மையாகவே எடுக்கத்தான் போனேன். அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கதை என் பெருமையைச் சொல்லும் கதையாக முடிந்திருக்கும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. திரையைப் பார்த்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. இவ்வளவு நேரம் வெளியே போவதை மட்டும்தான் பார்த்தேன். இந்த மண்டபத்தின் எல்லாப் போர்ட்டுகளையும் ஒன்றாகப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதுவும் கெட்டிமேளம் கொட்டும் அந்த நொடியில்? அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைத் தூக்குவார்களே, அதை உலகத்தில் எவராவது இந்தப் பக்கமிருந்து பார்த்திருப்பார்களா? கோயில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்குப் பக்கத்தில் நிற்க இடம் கிடைத்தவள் மாதிரி மறுபடியும் சோடா பெட்டியில் உட்கார்ந்தேன். ஆரம்பித்து வைத்துவிட்டு ஓடிவிடலாம், அது பாட்டுக்குப் பதிவாகட்டும், ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன்.

எல்லாவற்றையும் நகல் எடுப்பதென்றால் வேகமான போர்ட் வேண்டும். அந்தப் பெட்டியில் ஓரமாகத் தள்ளி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு வேகமான போர்ட்டுகள் இருந்தன. மேலே ஏதோ ஒரு கேபிள் இருந்தது, கீழே காலி. லேப்டாப்பைக் கீழே மாட்டினேன். மேலே உள்ளது இருபத்து மூன்று, கீழே உள்ளது இருபத்து நான்கு என்று பயிற்சியில் படித்திருந்தேன். அவசரத்தில் படிப்பை நம்பினேன், கண்ணைக் கேட்கவில்லை. நகலையெல்லாம் இருபத்து நான்குக்கு அனுப்பு என்று கட்டளை கொடுத்தேன்.

பெட்டி தலைகீழாகத் தொங்குகிறது என்பதை மறந்துவிட்டேன். தலைகீழாகத் தொங்கும் பெட்டியில் மேலே இருப்பதுதான் இருபத்து நான்கு. அதில் மாட்டியிருந்தது தினேஷின் கேபிள். அவனும் வேகமான போர்ட்டாகப் பார்த்துத்தானே மாட்டியிருப்பான்?

என் திரையில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறு, இவ்வளவு பெரிய கூட்டம், வர நேரமாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். தட்டு எங்கே வந்திருக்கும் என்ற நினைப்பு ஒரு பக்கம் அரித்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். அந்த நேரம் ஐயரின் குரல் மைக்கில் வந்தது.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

சுவர் அதிர்ந்தது. தவில் நெஞ்சுக்குள் இடித்தது. என் கண் முன்னால் சுவிட்சின் விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பொங்கின. அதுவரை ஆளுக்கொரு பக்கம் சிமிட்டிக்கொண்டிருந்தவை, பச்சைப் பச்சையாக ஒரே துடிப்பாகத் துடித்தன. வெளியே என் அக்கா கழுத்தில் தாலி ஏறுகிறது, நூற்றுக்கணக்கான கைகள் தூக்கிய படம் சென்னைக்கும் லண்டனுக்கும் கேரி தீவுக்கும் பறக்கிறது, அத்தனையும் என் முகத்துக்கு எதிரே இந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான் போகிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் அதற்காக மட்டும் நான் வெட்கப்படுவதில்லை.

எல்லா விளக்கிலும் ஒரு விளக்கு மிக வேகமாகத் துடித்தது. மேலே இருந்த அந்த வேகமான போர்ட். அந்தக் கேபிள் கதவுக்கு வெளியே தினேஷின் மேசைப் பக்கம் போவதை அப்போதுதான் கவனித்தேன். அட, நேரலை எப்படிப் பறக்கிறது பார் என்று நெகிழ்ந்து போனேன். அங்கிள் இந்நேரம் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

கைப்பேசி அடித்தது. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன்.

"வாணிம்மா, படம் நின்னு போச்சு."

"இல்ல அங்கிள், ஓடுது. நல்லா ஓடுது. நான் விளக்கப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

"இங்க உங்க பெரிய மாமா குனிஞ்சு மைக் வயர எடுத்தாரு. அப்படியே நிக்கிறாரு. முதுகுப் பக்கம் மட்டும்தான் தெரியுது. கொஞ்ச நேரமா நாங்க எல்லாரும் அதையே பாத்துக்கிட்டு இருக்கோம். பாக்சிக் இதுவும் அடாட்டான்னு கேக்குறாரு." அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "மேளச் சத்தம் போன்ல கேக்குதேம்மா. கட்டிட்டானா?"

நான் தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டியில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தேன். மேலே இருபத்து நான்கு. அந்த விளக்கு வேகமாகத் துடித்தது நேரலை போவதால் இல்லை. மண்டபத்தின் அத்தனை நகலையும் நான் அந்த போர்ட்டின் காதில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்கு வாய் இல்லை. தினேஷின் கேமராவிலிருந்து ஒரு துளிகூட வெளியே போகவில்லை. பயிற்சியில் காதில் விழாத அந்தக் கடைசி விதி அப்போது மிகத் தெளிவாகக் கேட்டது.

கட்டளையை அழித்தேன். விரல் தப்பித் தப்பி விழுந்தது. பெட்டி சரியாகி, தினேஷ் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றபோது, மேளம் அடங்கி நாதஸ்வரம் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. நான் வெளியே வந்தேன். தரையெல்லாம் அட்சதை. அக்கா கழுத்தில் மஞ்சள் கயிறு. அவள் ஜடையைச் செந்தூல் அத்தை பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா திரும்பி என்னைத் தேடினாள். நான் தூணுக்குப் பின்னால் போய் அங்கிளைக் கூப்பிட்டேன்.

"அங்கிள், என் தப்புதான். லைன நான்தான் கெடுத்துட்டேன்."

வார்டில் ஒரு தள்ளுவண்டி உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரி," என்றார் கடைசியில். "எப்படிம்மா இருந்துச்சு? அவன் கை நடுங்குச்சா?"

"தெரியல அங்கிள். நானும் பாக்கல. ஸ்டோர் ரூம்ல இருந்தேன்."

"நீயும் பாக்கலியா?"

"இல்ல."

அவர் சிரித்தார். இடுப்பு வலித்ததோ என்னவோ, நடுவில் ஆவென்று முனகினார், ஆனாலும் சிரிப்பை நிறுத்தவில்லை. "அத்தன பேரு கூடுன கல்யாணத்துல பாக்காதவங்க ரெண்டே பேரு. நானாவது கட்டில்ல கெடக்கிறேன். உனக்கு என்னாம்மா வந்துச்சு?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

விருந்துக்கு உட்காராமல் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் பின் சீட்டில் ஒடுங்கிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் நர்ஸ் ஒரு பார்வை பார்த்தார், பிறகு கதவை அகலத் திறந்துவிட்டார். தாலியை இரண்டாம் முறை கட்ட முடியாது. மாலையை மாற்றிக்கொள்ளலாம். அங்கிளின் கட்டிலுக்கு முன்னால் அவர்கள் மாலை மாற்றினார்கள். பாக்சிக் கை தட்டினார், சீன அங்கிள் கை தட்டினார், மருந்து கொடுக்க வந்தவர்களும் தட்டினார்கள். சிவலிங்கம் அங்கிள் அக்கா கழுத்தில் இருந்த தாலியை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பாக்சிக் என்னைக் காட்டி மலாயில் கேட்டார். "இந்தப் பொண்ணு ஏன் மூலையில நின்னு அழுது? இதுவும் அடாட்டா?"

"இல்ல," என்றார் அங்கிள், அவரும் மலாயில். "இது டெக்னிக்கல்."

தினேஷின் கேமராவில் எல்லாம் முழுதாகப் பதிவாகியிருந்தது. ஆனால் அங்கிள் அதைப் பார்க்க மறுத்துவிட்டார். முடிஞ்சு போனத பாக்குறதுக்குப் பேரு பாக்குறது இல்ல என்றார். அவர் பார்க்காததை நான் மட்டும் எப்படிப் பார்ப்பது? நானும் பார்க்கவில்லை. அக்காவின் கல்யாண நாள் வரும்போதெல்லாம் எனக்கு முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். "என்னாம்மா, லைன் கெடச்சிடுச்சா?" என்பார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு புதுச் சடங்கு சேர்ந்துகொண்டது. எந்தக் கல்யாணமானாலும் முதல் வரிசையில் எனக்கும் அங்கிளுக்கும் இரண்டு நாற்காலி. ஸ்டோர் ரூம் சாவி அம்மாவின் முந்தானையில். ஐயர் கெட்டிமேளம் சொல்லும் முன் பெரியப்பா எழுந்து நின்று சபையைப் பார்த்து, "ரெண்டு பேரும் பாக்குறாங்களா?" என்று கேட்பார். நாங்கள் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் தவிலில் அடி விழும். வெளியூர் விருந்தினர்கள் இதை ஏதோ பழைய சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு பார்ப்பார்கள்.

போன வருடம் எனக்குக் கல்யாணம் நடந்தது. முதல் வரிசையில் ஒரு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். தட்டு சபையைச் சுற்றி வந்தது. பெரியப்பா எழுந்து, "பாக்குறாரா?" என்று கேட்டார். அங்கிள் கைத்தடியை உயரத் தூக்கிக் காட்டினார். மேளம் கொட்டியது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. தாலி ஏறும்போது மணப்பெண் தலை குனிந்திருக்க வேண்டும். குனிந்த தலைக்கு மடியும் மருதாணியும்தான் தெரியும். அக்காவுடையதையும் நான் பார்க்கவில்லை, என்னுடையதையும் நான் பார்க்கவில்லை. அட்சதை விழ விழ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயர் முறைத்தார்.

ஆசீர்வாதம் வாங்க அங்கிளின் காலைத் தொட்டு எழுந்தபோது கேட்டேன்.

"பாத்தீங்களா அங்கிள்?"

"பாத்தேம்மா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு செகண்ட் கூட நிக்கல."